மாணாக்கர் எழுத்தும் மக்கள் அரங்கும்: தமிழ்க் கல்வியில் வலைப்பூவின் நன்மையும் தீமையும்

1. முன்னுரை

தமிழ் முதுகலை வகுப்பிற் பயிலும் மாணாக்கர் ஒருவர் ஈராண்டுக் காலத்தில் எழுதும் கட்டுரைகள் பலவாகும். பருவந்தோறும் பாடந்தோறும் கட்டுரை எழுதி ஒப்படைக்கின்றார். வகுப்புக் கருத்தரங்கிற் படிக்கின்றார். இறுதியில் ஆய்வேடும் அளிக்கின்றார். இவற்றைப் படிப்போர் யாவர் என வினவின், மதிப்பெண் இடும் ஆசிரியர் ஒருவரே என்பது பெரும்பாலும் விடையாக அமையும். மதிப்பெண் இடப்பெற்ற பின்னர் அக்கட்டுரைகள் கட்டாகக் கட்டப்பெற்று அறையின் மூலையிற் கிடந்து, சில ஆண்டுகளிற் பழந்தாளாகக் கழிகின்றன. ஒருவரே படித்தற்கென எழுதப்படும் எழுத்து, அவ்வொருவரை நிறைவு செய்யும் அளவிலேயே நின்றுவிடுதல் இயல்பாகும். தாம் எழுதியதைப் பிறர் படிப்பர், ஐயுறுவர், மறுப்பர் என்னும் எண்ணம் இன்றியே மாணாக்கர் பலர் பட்டம் பெற்றுச் செல்கின்றனர். பின்னர் அவரே ஆசிரியராகி, தம் மாணாக்கர்க்கு அதே முறையிற் கட்டுரை வரையப் பணிக்கின்றனர்.

இந்நிலையை மாற்றுதற்குரிய கருவிகளுள் ஒன்றாக வலைப்பூ இன்று பேசப்படுகின்றது. மாணாக்கர் தம் எழுத்தை இணையத்தில் வெளியிட்டால் அவர்தம் சிந்தனை வளரும் என்று ஒரு சாரார் கூறுவர். முதிராத எழுத்து ஊரறிய வெளிப்படுதலாற் புலமைக்கு ஊறு நேரும் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றும் உண்மையின் ஒவ்வொரு பகுதியைத் தொட்டு நிற்பன. எப்பகுதி எவ்விடத்துப் பொருந்தும், நன்மையைக் கொண்டு தீமையை விலக்குதற்கு வழி யாது என்பனவற்றைத் தமிழ்த் துறைகளை நோக்கி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வலைப்பூவின் இயல்பு

வலைப்பூ என்பது, ஒருவரோ ஒரு குழுவினரோ தாம் எழுதுவனவற்றை நாள் குறித்து வரிசைப்படுத்தி இணையத்தில் வெளியிடும் பக்கமாகும். புதியது மேலும் பழையது கீழுமாக அதில் அடுக்கப்படும். ஒவ்வொரு பதிவின் கீழும் படிப்போர் தம் கருத்தை எழுதுதற்கு இடம் உண்டு. அப்பதிவிற்கு உரியதொரு நிலையான முகவரியும் உண்டு. ஆதலின் பிற எழுத்தாளர் அதனைச் சுட்டிக் காட்டல் எளிதாகும். இதற்குரிய ஆங்கிலச் சொல் 1997-இல் வழக்கிற்கு வந்தது. 1999-இல் பிளாக்கர் போன்ற சேவைகள் தோன்றி, கணினி நுட்பம் அறியாதோரும் பொருட்செலவின்றித் தம் பக்கத்தை அமைக்க வழி செய்தன. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழிலும் வலைப்பூக்கள் பெருகலாயின.

தமிழில் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது எழுத்துக் குறியீட்டின் ஒருமைப்பாடு ஆகும். 1991-இல் வெளிவந்த யுனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. ஆயினும் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டைக் கையாண்டமையால், ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றிற் படிக்க இயலாத குறிகளாகத் தோன்றியது. யுனிகோடு பரவிய பின்னரே யாழ்ப்பாணத்தில் எழுதியதை மதுரையிலும், கோலாலம்பூரில் எழுதியதைச் சென்னையிலும் தடையின்றிப் படிக்க இயன்றது.

இன்று பொதுமக்களின் உரையாடல் பெரும்பாலும் முகநூல் முதலியவற்றிற்குப் பெயர்ந்துவிட்டது. எனினும் கல்விக்கு வலைப்பூவே ஏற்றது என்பது நம் கருத்து. முகநூலில் ஒருவர் எழுதியது சில நாட்களிற் கண்மறைந்து போகின்றது. தேடி எடுத்தல் அரிது. அடிக்குறிப்பும் மேற்கோளும் அமைத்தற்கு இடமில்லை. வலைப்பூவிலோ நாளும் பொருளும் பற்றித் தொகுத்து வைத்தலும், நீண்ட கட்டுரையை அதன் கட்டமைப்புக் குலையாது வெளியிடுதலும் இயலும்.

3. பழைய அரங்குகள்

கற்றதைப் பிறர் முன் வைத்து நிறுவுதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்ப அரங்கேறியது என்று அதன் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது வெறும் விழாவன்று. கேட்போர் வினவுவர், நூலாசிரியர் விடை கூறித் தம் கோளை நிறுத்துவர், அதன் பின்னரே நூல் உலகிற் பயிலும். ஆராய்ச்சி முன்னும் வெளிப்பாடு பின்னும் ஆகிய முறை இதுவாகும்.

மாணாக்கர்க்கு உரிய நெறியினை நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் தெளிவுற வகுத்துள்ளது. ஆசிரியர் உரைத்ததைக் குறைவறக் கொண்டானாயினும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்பது பவணந்தியார் கருத்து. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் நிரம்பும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலாலேயே கைகூடும். இக்கணக்கினை உற்றுநோக்கின், நம் தேர்வு முறை முதற் காற்பங்கை மட்டுமே அளந்து பார்த்து முழுமைக்கும் பட்டம் வழங்குகின்றது என்பது புலனாகும். வலைப்பூவின் கல்விப் பயனைப் பற்றி நாம் கூறவிருப்பனவற்றிற்கெல்லாம் இவ்வரைப்பங்கே அடிப்படையாகும்.

உரையாசிரியர் மரபும் இதனையே காட்டும். இளம்பூரணர் உரைத்ததை நச்சினார்க்கினியர் மறுப்பதும், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்துச் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' இயற்றியதும் அறிஞர் அறிந்தன. நூலுக்குரிய எழுவகை மதங்களை வகுத்த நன்னூலார், உடன்படலை அடுத்து மறுத்தலை வைத்தார். மறுப்பு என்பது பகைமையன்று, புலமையின் உறுப்பு என்னும் தெளிவு அம்மரபில் இருந்தது.

அச்சுப்பொறி பரவிய காலத்தில் மாணாக்கர் தமக்கென அமைத்துக்கொண்ட அரங்கு கையெழுத்து இதழாகும். ஒரே படியாக எழுதி, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பெற்ற இவ்விதழ்கள் எழுத்தாளர் பலர்க்குப் பயிற்சிக் களமாயின. மு. கருணாநிதி திருவாரூரிற் பள்ளி மாணவராக இருந்தபோது 1940-களின் தொடக்கத்தில் 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து இதழை நடத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி.

மேனாட்டிலும் இதனையொத்த முயற்சி ஒன்று நிகழ்ந்தது. முதல் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்ற செலஸ்தேன் பிரெனே என்னும் பிரெஞ்சு ஆசிரியர், 1920-இல் தென்பிரான்சின் பார் சுர் லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியிற் பணி ஏற்றார். நெடுநேரம் உரத்துப் பேசிக் கற்பித்தல் அவர்க்கு அரிதாயிற்று. 1920-களின் நடுவில் அவர் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குக் கொணர்ந்தார். சிறுவர் தாம் கண்டனவற்றைத் தம் சொல்லில் எழுதினர். எழுதியதைக் கூடித் திருத்தினர். எழுத்துக் கோத்து அச்சிட்டனர். தொலைவிலுள்ள பிரித்தானி நாட்டுப் பள்ளி ஒன்றிற்கு அனுப்பி, அங்குள்ள சிறுவரின் எழுத்தைப் பெற்றுப் படித்தனர். மலைச்சரிவில் வாழ்ந்த சிறுவர், கடற்கரையில் வாழும் சிறுவர்க்குத் தம் ஊரை விளக்க வேண்டியிருந்தது. தம் ஊரார்க்கு விளங்குவது பிறர்க்கு விளங்காது என்னும் உணர்ச்சியே அவர்தம் நடையைத் தெளிவாக்கியது. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு: எழுத்து அச்சேறுமுன் வகுப்பு முழுவதும் கூடி அதனைத் திருத்தியது. பிரெனேயின் பள்ளியிலும் ஆராய்ச்சியே முற்பட்டு நின்றது.

4. முறை மாற்றம்

அரங்கேற்றத்தில் அவை முன்னின்றது. அச்சிதழிற் பதிப்பாசிரியர் முன்னின்றார். கையெழுத்து இதழிலும் இதழைத் தொகுப்பவர் ஒருவர் இருந்தார். வலைப்பூவில் எழுதுவோர்க்கும் உலகிற்கும் இடையே எவரும் இலர். எழுதி முடித்த மறுநொடியில் எழுத்து வெளிப்படுகின்றது. ஆராய்ச்சி நிகழுமாயின் அதன் பின்னரே நிகழ்கின்றது. முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் மாறிய இம்மாற்றமே வலைப்பூவின் நன்மை தீமை இரண்டிற்கும் வேராகும். நன்மையெல்லாம் தடை நீங்கியதால் வருவன. தீமையெல்லாம் காவல் நீங்கியதால் வருவன. தடையும் காவலும் ஒன்றே என்பதை மறந்து ஒரு புறமே நோக்குவார் கூற்று முழுமை பெறாது.

5. நன்மைகள்

முதலாவது, எழுதுவோர்க்குப் படிப்போர் உளர் என்னும் உணர்ச்சி பிறத்தல். ஆசிரியர்க்கென எழுதும் மாணாக்கர், ஆசிரியர் முன்பே அறிந்தவர் என்னும் எண்ணத்தால் விளக்க வேண்டியதை விளக்காது விடுவர். கலைச்சொற்களை அடுக்கிச் செல்வர். உள்ளுறை உவமம், இறைச்சி ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழ் பயிலாத பொறியாளர் ஒருவர்க்கு எழுத்தில் விளக்க முற்படும் மாணாக்கர், தாமே அவ்வேறுபாட்டைத் தெளிவுற அறியாமையை இரண்டாம் பத்தியிலேயே உணர்வர். உணர்ந்து மீண்டும் நூலை நாடுவர். இத்தகைய மீட்சியைத் தேர்வுக்கூடம் தருவதில்லை.

இரண்டாவது, கல்லூரிக்கு வெளியேயுள்ள அறிவு துறைக்குள் புகுதல். உழவுத்தொழிற் சொற்களைத் தொகுக்கும் மாணாக்கர் கொழு, மேழி, நுகத்தடி, ஏர்க்கால் என எழுதி வெளியிட்டால், வேறு மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளையோ ஈழத்து வாசகரோ தம் ஊரில் அவ்வுறுப்புக்கு வழங்கும் பெயரைத் தெரிவித்தல் கூடும். ஏர் அருகி உழுபொறி பெருகிய இக்காலத்தில் இச்சொற்களை வாயாற் கூறவல்ல தலைமுறை குறைந்து வருகின்றது. ஊர்ப்பெயர், நடுகல், நாட்டார் வழக்காறு, தொழிற்சொல் ஆகிய துறைகளிற் செய்தி அறிந்தோர் கல்லூரிக்குள் இரார். அவர் ஆய்விதழ்களைப் படிப்பவரும் அல்லர். அவரை எய்தும் வழி இஃது ஒன்றாகும்.

மூன்றாவது, ஆய்வின் வளர்ச்சி நிலைகள் பதிவாதல். அச்சிட்ட ஆய்வேடு முடிவை மட்டும் காட்டும். முதலில் எழுந்த ஐயம், கைவிட்ட கருதுகோள், வழிமாறிய இடம் ஆகியவை அதிற் புலப்படா. நாள் குறித்த பதிவுகள் இவற்றைக் காட்டுவன. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கேட்ட அளவில் கட்டுரை எழுதித் தரும் பொறிகள் மாணாக்கர் கைக்கு எட்டியுள்ளன. முடிந்த கட்டுரை ஒன்றை மட்டும் நோக்கி, அது மாணாக்கரின் உழைப்பே என்று துணிதல் ஆசிரியர்க்கு அரிதாகிவிட்டது. ஓராண்டுக் காலம் சிறிது சிறிதாக வளர்ந்து, உடன் பயில்வார் வினாக்களுக்கு விடை கூறித் திருந்திய எழுத்தோ, உழைப்பிற்குத் தானே சான்றாகும்.

நான்காவது, மாணாக்கர் ஒருவர் மற்றொருவர்க்கு ஆசிரியராதல். பல கல்லூரிகளில் நூலகம் குறைவுடையது, பழம்பதிப்புகள் கிடைப்பதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனமும் மூலநூல்களை இணையத்தில் அளித்து இக்குறையைப் பெரிதும் நீக்கின. எனினும் நூலைப் படிக்கும் முறையை நூலே கற்பித்துவிடாது. ஒரு மாணாக்கர் தாம் ஒரு சூத்திரத்தைப் புரிந்துகொண்ட வழியை எழுதி வைத்தால், தொலைவிலுள்ள சிற்றூர்க் கல்லூரி மாணாக்கர்க்கு அது துணையாகின்றது. பவணந்தியார் கூறிய இரண்டாங் காற்பங்கு இவ்வாறு கல்லூரி மதிலைக் கடந்து செல்கின்றது.

6. தீமைகள்

முதலாவதும் தமிழ்ப் புலமைக்கு நேரே ஊறு செய்வதும் பாடச் சிதைவு ஆகும். ஓலைச்சுவடிகளிற் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒத்த வடிவின. ஆதலின் பெயர்த்தெழுதுவோர் பல பிழை செய்தனர். அப்பிழைகளை நீக்குதற்கு உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தனர். அவர் உழைத்து நீக்கியது போன்ற பிழை இன்று வேறு வடிவில் மீள்கின்றது. தட்டச்சில் ஓர் ஒற்று விடுபட்ட செய்யுளை ஒருவர் தம் பக்கத்தில் இட, நூற்றுவர் அதனை அப்படியே பெயர்த்துத் தம் பக்கங்களில் இடுவர். பின்னர் அப்பாடலைத் தேடும் மாணாக்கர் நூறு இடங்களில் ஒரே பாடத்தைக் கண்டு, அதுவே பெருவழக்கு என்று துணிவர். ஒரு தாயேட்டிலிருந்து பெயர்த்த நூறு படிகளும் சான்று என்னும் வகையில் ஒன்றேயாம் என்பது பதிப்புக் கலையின் முதற்பாடம். அப்பாடம் மறக்கப்படின் எண்ணிக்கை உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, திருத்தம் சுவடின்றி மறைதல். உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணி முதற் பதிப்பு 1887-இலும் இரண்டாம் பதிப்பு 1907-இலும் வெளிவந்தன. இடைப்பட்ட இருபதாண்டு ஆராய்ச்சியால் அமைந்த மாற்றங்களை இன்றும் இரு நூலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு அறியலாம். வலைப்பூவில் திருத்தம் ஒரு நொடியில் முடிகின்றது; விரைவு நன்மையே. ஆயின் பழைய வடிவம் படிப்போர் கண்ணிலிருந்து அழிந்துவிடுகின்றது. நேற்று ஒருவர் மேற்கோளாக எடுத்தாண்ட தொடர் இன்று அப்பக்கத்தில் இல்லையாயின், எடுத்தாண்டவரே பொய்யராகத் தோன்றுவர்.

மூன்றாவது, நிலையாமை. இலவச இணையப் பக்கங்களை வழங்கிய ஜியோசிட்டீசு என்னும் பெருஞ்சேவை 2009-இல் மூடப்பெற்றபோது, எண்ணற்ற பக்கங்கள் தம் முகவரியை இழந்தன. தமிழிற் பழைய தனிக்குறியீடுகளில் எழுதப்பெற்ற பக்கங்கள் பல, அழியாதிருந்தும் உரிய எழுத்துரு இன்மையாற் படிக்க இயலாதன ஆயின. பனையோலை நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது. அச்சுநூலும் நன்கு பேணப்படின் நெடுங்காலம் நிற்கும். மின்வெளிப் பக்கமோ பிறர் நடத்தும் நிறுவனத்தின் விருப்பம் உள்ளளவும் நிற்பது.

நான்காவது, எழுதுவோரைத் தாக்கும் இன்னல். மறுப்புக்கும் வசைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார் பலர் இணையத்தில் உலவுகின்றனர். சாதி, சமயம், மொழி பற்றிய பொருள்களைத் தொட்டு எழுதும் மாணாக்கர் நாகரிகமற்ற சொற்களுக்கு இலக்காதல் உண்டு. பெண்பாலர்க்கு இவ்விடர் மிகுதி. மேலும், இருபத்தோராம் அகவையில் எழுதிய பிழைபட்ட கருத்தொன்று, எழுதியவர் நாற்பதாம் அகவையில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அவர் பெயரோடு ஒட்டி நிற்கக்கூடும். வகுப்பறை பிழை செய்தற்கு உரிமை தரும் இடம். அவ்வுரிமை இன்றேல் மாணாக்கர் துணிந்து எண்ணார். எவர்க்கும் மாறுபடாத பொதுவுரையையே எழுதி ஒதுங்குவர். சிந்தனையை வளர்த்தற்கு வந்த கருவி இவ்வாறு சிந்தனையைச் சுருக்குதலும் கூடும்.

ஐந்தாவது, ஒப்புமை பற்றிய சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், ஆய்வேட்டில் 10 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஒப்புமை காணப்படின், அதன் அளவிற்கேற்பத் தண்டனை வகுத்துள்ளன. ஆய்வாளர் தம் இயலின் பகுதிகளை முன்னரே வலைப்பூவில் வெளியிட்டிருப்பின், ஒப்புமை காணும் மென்பொருள் அவர் எழுத்தையே பிறர் எழுத்தெனக் காட்டுதல் கூடும். அவர் பதிவை மற்றொருவர் திருடித் தம் பெயரில் இட்டிருப்பின் இன்னல் இருமடங்காகும். யாருடையது முற்பட்டது என்று நிறுவும் சுமை உரியவர் மேலேயே விழும்.

ஆறாவது, ஆசிரியரின் காலம். முப்பது மாணாக்கர் திங்களுக்கு இரு பதிவு எழுதுவதாகவும், ஒன்றைப் படித்துக் கருத்துரைக்க இருபது நிமிடம் ஆவதாகவும் கொண்டால், திங்களுக்கு இருபது மணி நேரம் வேண்டும். பிற கடமைகள் குறையாமல் இக்கடமை மட்டும் கூடின், ஆசிரியர் படியாமலே மதிப்பெண் இடும் நிலை வரும். அந்நிலையில் வலைப்பூ பழைய கட்டுரைக் கட்டின் புதுவடிவாகவே முடியும். வீட்டிற் கணினி இன்றிக் கைப்பேசி ஒன்றையே கொண்டு எழுதும் மாணாக்கர் நிலையும் எண்ணற்பாலது. சிறு திரையில் அடிக்குறிப்போடு நீண்ட கட்டுரை அமைத்தல் அவர்க்கு அரிது. கருவி இல்லாக் குறையை அறிவுக் குறையாக மதிப்பிடுதல் அறமாகாது.

7. கொள்ளத்தக்க நெறி

மேற்கூறிய தீமைகளுட் பெரும்பாலன வலைப்பூவோடு பிரிக்க முடியாதவாறு பிறந்தன அல்ல. காவலின்றி வெளியிடுதலாற் பிறந்தன. ஆதலின் பழைய அரங்கேற்ற முறையின் சாரத்தைப் புதிய கருவியிற் பொருத்துதலே தக்க வழியாகும். துறையொன்று கைக்கொள்ளத்தக்க நெறியைக் கீழே தருகின்றோம்.

முதற்கண் இரு வட்டங்கள் வேண்டும். எல்லா எழுத்தும் முதலில் வகுப்பினர் மட்டும் காணும் உள்வட்டத்தில் அமைதல் வேண்டும். உடன் பயில்வார் ஒருவர் அதங்கோட்டு ஆசான் போன்று ஒவ்வொரு பதிவிற்கும் கேள்வியாளராக நின்று, குறைந்தது மூன்று வினாக்களை எழுத்தில் வினவ வேண்டும். எழுதியவர் விடை கூறித் திருத்திய பின்னர், அவர் விரும்பினால் மட்டும், புறவட்டத்திற் பொதுமக்கள் காண அதனை வெளியிடலாம். வெளியிடாமைக்காக மதிப்பெண் குறைத்தல் கூடாது. புனைபெயரில் எழுதவும், பின்னர் மீட்டுக்கொள்ளவும் மாணாக்கர்க்கு உரிமை இருத்தல் வேண்டும். கேள்வியாளர் பணி ஆசிரியர் சுமையைக் குறைப்பதோடு, வினவும் பயிற்சியையும் மாணாக்கர்க்குத் தரும். நல்ல வினாவிற்கும் மதிப்பெண் உண்டு என்று வகுத்தல் நன்று.

இரண்டாவதாக, செய்யுளையோ சூத்திரத்தையோ எடுத்தாளும் ஒவ்வொரு பதிவும் இன்ன பதிப்பு, இன்ன ஆண்டு, இன்ன பக்கம் என்று சுட்டுதல் வேண்டும். இணையத்திற் கண்ட பாடத்தை அச்சுப் பதிப்போடு ஒப்பிடாமல் எடுத்தாளலாகாது. பதிப்பின் மெய்ப்படத்தை இணையத்திற் பெறக் கூடுமாயின் அதுவும் ஒப்பிடுதற்கு ஏற்றதே; தட்டச்சிட்ட பாடமே ஐயத்திற்கு உரியது.

மூன்றாவதாக, திருத்தம் செய்யின் பழையதை அழியாது, திருத்தத்தை நாளுடன் கீழே குறித்தல் வேண்டும். பிழைதிருத்தப் பட்டியலை நூலிறுதியிற் சேர்த்த பதிப்பாசிரியரின் நேர்மையை மாணாக்கர் இதனாற் பழகுவர்.

நான்காவதாக, ஆண்டிறுதியில் எல்லாப் பதிவுகளையும் கோப்பாகத் தொகுத்து, ஒரு படி துறை நூலகத்திலும் ஒரு படி எழுதியவரிடத்தும் வைத்தல் வேண்டும். தேர்ந்த பதிவுகளை அச்சிட்டு வைப்பின் இன்னும் நன்று. நாள் குறித்த இத்தொகுப்பு, பின்னர் ஒப்புமைச் சிக்கல் எழுமாயின் உரியவர்க்குச் சான்றாகவும் பயன்படும். ஆய்வேட்டின் இயல்களை அளிக்குமுன் வெளியிடாது, ஆய்வின் வழியில் எழும் ஐயங்களையும் களச்செய்திகளையும் மட்டும் வெளியிடுதல் அச்சிக்கலைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும்.

ஐந்தாவதாக, பதிப்புரிமையைப் போற்றுதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் நூலாசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். 1942-இல் மறைந்த உ. வே. சாமிநாதையரின் உரைகளும் குறிப்புகளும் 2002-ஆம் ஆண்டோடு அவ்வெல்லையைக் கடந்தன. அண்மைக்கால உரையாசிரியர் நூல்களிலிருந்து ஆய்விற்கு வேண்டிய அளவே எடுத்தாளலாம். முழுமையும் பெயர்த்திடுதல் முறையன்று.

இந்நெறி செயற்படும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும், உ. வே. சாமிநாதையர் 1937-இலும் பதிப்பித்தனர். வகுப்பில் ஒவ்வொரு மாணாக்கர்க்கும் ஒரு பாடலை அளித்து, இரு பதிப்பிலும் உள்ள பாடத்தையும், துறை விளக்கத்தையும், இணையத்தில் வழங்கும் பாடத்தையும் ஒப்பிட்டு ஒரு பதிவு எழுதப் பணிக்கலாம். கேள்வியாளர் அதனைச் சரிபார்ப்பர். முப்பது மாணாக்கர் பருவத்திற்கு இரு பாடலாக எழுதின், ஈராண்டின் நான்கு பருவங்களில் இருநூற்று நாற்பது பாடல்கள் முடியும். நானூற்றொரு பாடல்கள் கொண்ட அந்நூல் முழுவதையும் இரு துறைகள் பகிர்ந்துகொள்ளின் ஈராண்டிற்குள் முடித்துவிடலாம். அதன் பயனாக, எந்தப் பாடல் இணையத்திற் சிதைந்து வழங்குகின்றது என்பதைக் காட்டும் பட்டியல் ஒன்று தமிழுலகிற்குக் கிடைக்கும். மதிப்பெண்ணிற்கென எழுதிக் கழியும் உழைப்பு, இவ்வாறு நூலொன்றின் பாதுகாப்பாக மாறுகின்றது. நாம் முதலிற் கூறிய பாடச் சிதைவிற்கு, அச்சிதைவை விளைத்த கருவியே மருந்தாதலும் இதனாற் புலனாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வலைப்பூவின் நன்மை தீமை இரண்டும் வெளிப்பாடு முந்தி ஆராய்ச்சி பிந்திய முறை மாற்றத்தினின்றும் பிறந்தன என்பது விளங்கும். படிப்போர் உளர் என்னும் உணர்ச்சி, வெளியுலக அறிவின் வரவு, ஆய்வு வளர்ச்சியின் பதிவு, மாணாக்கரிடை உறவு ஆகியவை அதன் நன்மைகள். பாடச் சிதைவு, சுவடற்ற திருத்தம், நிலையாமை, எழுதுவோர்க்கு நேரும் இன்னல், ஒப்புமைச் சிக்கல், காலமும் கருவியும் பற்றிய குறை ஆகியவை அதன் தீமைகள். உள்வட்டம், கேள்வியாளர், பதிப்புச் சுட்டு, திருத்தக் குறிப்பு, நூலகப் படி, உரிமை பேணல் ஆகிய காவல்களை அமைத்தால் நன்மை மிகுந்து தீமை குறையும்.

இக்காவல்கள் எவையும் பெரும்பொருட் செலவை வேண்டுவன அல்ல. வேண்டுவது, மாணாக்கர் எழுத்து படிக்கத்தக்கது என்று துறைகள் நம்புதலே. அந்நம்பிக்கை இல்லாத இடத்தில் எக்கருவியும் பயன் தாராது. உள்ள இடத்திற் கையெழுத்து இதழும் போதிய கருவியாயிற்று. பவணந்தியார் வகுத்த புலமையின் அரைப்பங்கை மாணாக்கர்க்கு அளித்தற்கு உரிய அரங்கு இன்று ஒவ்வொரு துறையின் கைக்கும் எட்டியுள்ளது. அவ்வரங்கில் அவையையும் அமைத்துத் தருதல் ஆசிரியர் கடனாகும்.